பத்தொன்பதுக்கு ஆதாரம்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நேற்றும் மூன்று முறை போன் செய்தாய். எடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், அது உனக்கு நன்றாகவே தெரியும். வாயால் சொன்னதை நாளைக்கு இல்லை என்றும் சொல்லிவிடலாம். அதனால் எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்பு.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பிப்ரவரி ஒன்று. உன் பெயிண்ட் கம்பெனியில் தீப்பிடித்த தேதி. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் பாப்பா இணையக் கலைக்களஞ்சியத்தில் உங்கள் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கமாகிவிட்டது. "தின்னர் கிடங்கில் ஏற்பட்ட தீ விபத்தில் பத்தொன்பது தொழிலாளர்கள் இறந்தனர்" என்று ஒரு வரி அதில் இருக்கும். படித்துவிட்டு மூடிவிடுவாள். இந்த வருஷம் அதில் பதினெட்டு என்று இருக்கிறது.

நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பதினெட்டுதான். யார் கேட்டு மாற்றினார்கள் என்று அந்தப் பக்கத்திலேயே பார்க்க முடியுமாம். பாப்பா தட்டினாள். உன் பெயர் வந்தது. முழுப் பெயர். பக்கத்திலேயே "நான் இந்த நிறுவனத்தின் மக்கள் தொடர்பு ஊழியன்" என்று வேறு எழுதியிருக்கிறாய். திருடுகிறவன்கூட முகத்தை மூடிக்கொண்டு வருவான்.

உன் கம்பெனி வாசலில் இருக்கிற கல்லில் பதினெட்டுப் பெயர். விசாரணை அறிக்கையில் பதினெட்டு. அன்றைக்குப் பாப்பாவின் அப்பா லீவில் இருந்தார் என்று சொல்லி இரண்டு வருஷம் என்னை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். உலகத்தில் அந்த ஒரு வரியில் மட்டும்தான் அவர் உங்கள் தொழிற்சாலையில் செத்துப்போனவராக இருந்தார். அதிலிருந்தும் அவரை எடுத்துவிட்டாய். ஏன் என்று எழுது.

அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஜெராக்ஸ் கடையில் வீணான தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாய் போல. முன்பக்கத்தில் யாருடைய வீட்டுப் பத்திரமோ இருக்கிறது. அந்த மனிதருக்குக் கிணற்றில் பாதி உரிமை உண்டாம். அதையும் இரண்டு தடவை படித்தேன், உன் பக்கத்தைத் திருப்ப தைரியம் வரவில்லை.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கப் போகிறார்கள். வாங்க வருகிறவன் முதலில் அந்தக் கலைக்களஞ்சியத்தைத்தான் படிக்கிறான். எங்கள் மேனேஜரை உனக்குத் தெரியாது. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, ஆபீசில் எல்லோரும் அவரை இஸ்திரி என்றுதான் சொல்வோம். அவர் என்னைக் கூப்பிட்டு, "நம்ம பேரைத் தட்டினா முதல்ல நெருப்புதான்யா வருது" என்றார். அதற்கு முன்பு ஒரு விளம்பரக் கம்பெனியை வைத்துத் திருட்டுத்தனமாக மாற்றப் பார்த்து மாட்டிக்கொண்டார்கள். பக்கத்தின் உச்சியில் "இது விளம்பரம் போல எழுதப்பட்டுள்ளது" என்று ஆறு மாதம் ஒரு பட்டை தொங்கியது. அதனால் இந்த முறை ஒழுங்காகச் செய்யச் சொன்னார்கள். ஒழுங்காகச் செய்கிற வேலை என்றால் என் தலையில்தான் விழும்.

கம்பெனிக்காரன் தன் பக்கத்தில் தானே கை வைக்கக் கூடாது. தான் யார் என்று சொல்லிவிட்டு, உரையாடல் பக்கத்தில் கோரிக்கை வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். சம்பளம் வாங்காமல் அங்கே வேலை செய்கிற ஒருவர் பார்த்து முடிவு சொல்வார். எங்களுக்கு வாய்த்தவர் ஆந்தை என்று புனைபெயர் வைத்திருக்கிறார். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. நான் பதினொரு திருத்தம் கேட்டேன். புதுத் தலைவர் பெயர், கிளைகளின் எண்ணிக்கை, அந்த மாதிரி. ஆறை ஒதுக்கிவிட்டார். "முன்னணி நிறுவனம் என்பதற்கு உங்கள் சொந்த இணையதளம் ஆதாரமாகாது" என்று என் மூஞ்சியில் அடித்தார். நாலை ஏற்றுக்கொண்டார். மிச்சம் இருந்த ஒன்றுதான் அந்த எண்.

பத்தொன்பது என்பதற்கு இருந்த ஒரே ஆதாரம் ஒரு பழைய செய்தித்தாள். அந்தப் பத்திரிகை ஆறு வருஷத்துக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. இணைப்பைத் தொட்டால் வெற்றுப் பக்கம் வருகிறது. அரசு விசாரணை அறிக்கையில் பதினெட்டு என்று இருக்கிறது. நான் அதைக் காட்டினேன். அவர் மாற்றினார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை அக்கா. எல்லாம் விதிப்படி நடந்தது.

மாமாவை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. பாப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

தம்பி

பிப்ரவரி 14

தம்பிக்கு,

முந்தாநாள் அவர் போன நாள். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பன்னிரண்டாம் தேதி போனார், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குக் கடைக்கு லீவு போட்டுவிட்டு, பாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீயும் ஆந்தையும் பேசிக்கொண்டதை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன்.

எனக்கு எழுதிய கடிதத்தில் ஒன்றை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டாய். ஆந்தை உடனே மாற்றவில்லை. "அந்த நாளிதழின் அச்சுப் பிரதி யாரிடமாவது இருக்கிறதா? பதினான்கு நாள் காத்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறது. உன்னை நேராகவே கேட்டிருக்கிறது, "நிறுவனத்திடம் உள்ளதா" என்று. நீ "எங்கள் கோப்புகளில் இல்லை" என்று பதில் போட்டிருக்கிறாய்.

உங்கள் கோப்பில் இருக்காதுதான். என் பீரோவில் இருக்கிறது. மேல் தட்டில், அவர் சட்டைக்கு அடியில். ஓரம் பொடிந்து போகிறது என்று நான் அழுதபோது வாங்கிக்கொண்டு போய் லாமினேட் பண்ணி எடுத்து வந்தவன் யார்? பாப்பா அப்போது நாலாம் வகுப்பு. நீ அதை நீட்டியபோது நான் உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அந்தப் பதினான்கு நாளும் நீ வாயை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாய். இதில் என்ன பொய் என்று கேட்கிறாய். உன்னோடு பேசி எனக்கு மாளாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள். பத்தொன்பது என்ற அந்த வரியை முதலில் எழுதிப் போட்டது யார் என்று பார்த்தாயா? "குட்டிச்சிலந்தி" என்று ஒரு பெயர் இருக்கும். பாப்பாதான். பத்தாவது படிக்கும்போது, பள்ளிக்கூட கம்ப்யூட்டரில், அரைமணி நேர இடைவேளையில், அந்த லாமினேட் போட்ட தாளைப் பையில் வைத்துக்கொண்டு போய், தேதி, பக்க எண் எல்லாம் பார்த்துப் பார்த்துத் தட்டியிருக்கிறாள். எனக்கே போன வாரம்தான் சொன்னாள். அப்பா முகம் அவளுக்கு நினைவில்லை. மூணு வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும். அந்த வரியைத்தான் அவள் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை அந்தத் தாளைப் படம் எடுத்து ஆந்தைக்கு அனுப்பப் போகிறோம்.

அக்கா

பிப்ரவரி 20

அக்கா,

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அனுப்பாதே. அனுப்பியிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்.

பாப்பா எழுதியது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஒன்பதாவது திருத்தத்தை எப்படியாவது பட்டியலிலிருந்து எடுத்திருப்பேன். வேலை போனாலும் போகட்டும் என்று இருந்திருப்பேன். இப்படித்தான் எழுதத் தோன்றுகிறது. உண்மையில் எடுத்திருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

இஸ்திரியைப் பற்றி உனக்குத் தெரியாது. அந்த எண்ணில் அவருக்கு ஒரு வெறி. வெளிநாட்டுக்காரர்களிடம் அறிக்கையைக் கொடுத்துப் பதினெட்டு என்று கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இப்போது பத்தொன்பது என்று திரும்பி வந்தால், அறிக்கையின் பின்னிணைப்பைத் தோண்டி எடுத்துப் போடுவார். அந்தப் பின்னிணைப்பு இதுவரை இணையத்தில் இல்லை. இல்லாமலே இருப்பது நல்லது.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்பாய். ஒன்றும் இல்லை. ஆனால் சில விஷயங்களைக் கிளறினால் நம் கையில்தான் ஒட்டும். மாமா எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியும், ஆந்தைக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? நான் அடுத்த மாதம் நேரில் வருகிறேன். உட்கார்ந்து பேசுவோம். கடிதத்தில் எழுத முடியாதவை உண்டு அக்கா.

தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டோம். வந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

பீரோவிலிருந்து தாளை எடுத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி வெளியே போயிருந்தார். கண்ணாடியில் வைத்து எடுத்தேன், லாமினேட் பளபளப்பில் நடுவில் வெள்ளையாக விழுந்தது. நாலு முறை எடுத்தும் சரியாக வரவில்லை. ஐந்தாவது முறை மூடியைத் திறந்தே வைத்து, மேலே என் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். வந்துவிட்டது. "பலி எண்ணிக்கை பத்தொன்பதாக உயர்வு." அடியில் அவர் பெயர், வயது, மனைவியின் பேட்டி. இருபத்தொரு வருஷத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நிருபரிடம் நான் அழுதது.

ஆந்தை ரொம்ப மரியாதையாகப் பதில் போட்டிருந்தது. பக்க எண் சரிதானா என்று கேட்டது, வேறொரு நூலகத்தில் பட்டியல் பார்த்து உறுதிசெய்துகொண்டது, ஒன்பதாம் நாள் மாற்றிவிட்டது. இப்போது பத்தொன்பது. பாப்பா கைதட்டவில்லை, துள்ளவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பத்திரம் நகல் எடுக்க வந்த ஒரு கிழவரிடம் சொன்னேன். அவர் "சரிம்மா, ரெண்டு பக்கமும் வேணும்" என்றார்.

பின்னிணைப்பு என்று மிரட்டுகிறாய். அந்த அறிக்கையை எனக்கு வாங்கிக் கொடு என்று அந்தக் காலத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன். "அதுல ஒண்ணும் இல்லக்கா, நான் படிச்சுட்டேன்" என்பாய். ஒன்றும் இல்லாததற்கு ஏன் இவ்வளவு பயம்? போடட்டும்.

நேரில் வர வேண்டாம். எழுது.

அக்கா

மார்ச் 11

போட்டுவிட்டார்கள்.

உன் பெயரில் இல்லை, வேறு எவன் பெயரிலோ. பின்னிணைப்பு, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. உனக்கு மனப்பாடமாகவே இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். என் கையால் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும் போலிருக்கிறது.

"பத்திரிகையில் பத்தொன்பதாவதாகக் குறிப்பிடப்பட்ட நபர் சம்பவ நாளன்று விடுப்பில் இருந்தவர். மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேட்டின்படி, இவர் தம் வீட்டில் அடுப்பு வெடித்துக் காயமடைந்தவர். தகவல் அளித்தவர்: மனைவியின் சகோதரர்."

எனக்கு எத்தனை சகோதரர்கள்?

அந்த அடுப்பு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. அதில்தான் இன்று காலை டீ போட்டேன்.

ஆந்தை மறுபடியும் பதினெட்டு ஆக்கிவிட்டது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. "இது உங்களுக்கு வேதனை தரும் என்று தெரியும், ஆனால் அச்சில் உள்ள ஆதாரத்தை என்னால் மீற முடியாது" என்று பாப்பாவுக்குத் தனியாக எழுதியிருந்தது. பாப்பா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுது. ஒரு வார்த்தை விடாமல் எழுது.

மார்ச் 19

அக்கா,

ஐந்து நாளாக ஆரம்பித்து ஆரம்பித்துக் கிழித்துப் போடுகிறேன். நீ கேட்டபடி விடாமல் எழுதுகிறேன்.

நான் அப்போது டைம் ஆபீசில் இருந்தேன், நினைவிருக்கும். உள்ளே வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பித்தளை டோக்கன். வந்ததும் பலகையில் மாட்ட வேண்டும், போகும்போது எடுக்க வேண்டும். எவனாவது வராமல் போனால், இன்னொருவன் வந்து அவன் டோக்கனை மாட்டிவிட்டு அவன் வேலையைச் செய்வான். வராதவன் வேறொரு நாள் அந்தக் கடனைக் கழிப்பான். கை டோக்கன் என்று பெயர். விதிப்படி தப்பு, ஆனால் எல்லோரும் செய்வது. மாட்டிவிடுவது நாங்கள்தான்.

அன்றைக்கு நாற்பத்தேழாம் நம்பர் வரவில்லை. நெட்டையன். இன்னொரு நாள் வராமல் போனால் அவனை நிறுத்திவிடுவார்கள் என்ற நிலை. முந்தின நாளே என் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டு போயிருந்தான். கிடங்கில் ஒரு ஆள் குறைந்தால் வேலை ஆரம்பிக்க முடியாது. எனக்குக் கையில் இருந்த ஆள் மாமா ஒருவர்தான். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று லீவில் இருந்தார். உன் வீட்டுக்குக் கீழே இருந்த கடைக்குப் போன் செய்தேன். நான் கூப்பிட்டேன் என்றால் நீ திட்டுவாய் என்று, ஃபோர்மேன் வரச் சொன்னார் என்று சொன்னேன். ஃபோர்மேன் அன்றைக்கே செத்துப்போனார். அவர்தான் கூப்பிட்டாரா என்று நீ இருபத்தொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். கூப்பிட்டது நான்.

மாமா வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நாற்பத்தேழை நானே பலகையில் மாட்டினேன்.

தீப்பிடித்து ஓடி வந்தவர்களில் அவரும் ஒருவர். கேட்டுக்கு வெளியே வந்து விழுந்தார். கம்பெனி வண்டிக்குக் காத்திருக்காமல் ஒரு மினி லாரியில் போட்டு நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சேர்க்கிற இடத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எங்க நடந்தது?" என்றார். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை அக்கா. யாரும் மிரட்டவில்லை. கம்பெனி என்றால் டோக்கன் பார்ப்பார்கள், டோக்கன் பார்த்தால் என்னைப் பார்ப்பார்கள், அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. "வீட்ல. அடுப்பு வெடிச்சிடுச்சு" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். மாமா பிழைத்துவிடுவார், பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதல் மூன்று நாள் அவருக்குப் பேச்சு இருந்தது. நீ டாக்டரைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். என்னவோ கேட்கப் போகிறார் என்று பயந்துகொண்டு குனிந்தேன். "நாப்பத்தேழைக் கழட்டிட்டியா? நெட்டையன் பாவம், மாட்டிக்கப் போறான்" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அதற்குள் பலகையில் ஆள் திரும்பி வராத டோக்கன் பத்தொன்பது என்று கம்பெனி கணக்குப் போட்டிருந்தது. நாலாம் நாள் நெட்டையன் கேட்டில் வந்து நின்றான். செத்தவன் வந்துவிட்டான் என்று எல்லோரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பட்டியலில் ஒன்றைக் குறைத்தார்கள். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். மாமா போன பிறகும் திறந்திருக்கலாம். விசாரணையில் ஆஸ்பத்திரிப் பதிவேட்டைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அடுத்த மாதமே என்னை மாடியில் மக்கள் தொடர்பு அறைக்கு மாற்றினார்கள். யாரும் ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ கேட் வாசலில் நின்ற இரண்டு வருஷமும் மாடி ஜன்னலிலிருந்து உன்னைப் பார்த்திருக்கிறேன். கோர்ட்டுக்குப் போகாதே, உள்ளே இருந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னைத் தடுத்தவனும் நான்தான். பாப்பாவுக்கு நான் வாங்கி வந்த ஒவ்வொரு பொருளையும் உன் வாசலில் வைக்கும்போது, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருவேன். நீ சாப்பிட்டுவிட்டுப் போ என்பாய். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

மன்னிக்கச் சொல்லவில்லை.

தம்பி

மார்ச் 30

படித்தேன்.

உன் மாமா போன பிறகு ஒரு நாள் உன்னிடம் ஒன்று சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாதது. அன்றைக்குக் காலையில் எனக்கும் அவருக்கும் சண்டை. பிள்ளைக்குக் காய்ச்சல், இவர் லீவு போட்டுவிட்டு ரேடியோவை நோண்டிக்கொண்டிருந்தார். கீழே கடையிலிருந்து போன் என்று கத்தியபோது, "போய்த் தொலைங்க, வீட்ல இருந்து என்னத்தைக் கிழிச்சீங்க" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். நான்தான் விரட்டினேன், நான்தான் கொன்றேன் என்று உன் தோளில் சாய்ந்து அழுதேன். நீ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "விதிக்கா, நீ என்ன பண்ணுவ" என்றாய்.

கூப்பிட்டவன் நீ என்று அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இத்தனை வருஷமும் நான் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன். பயந்துபோய் ஆஸ்பத்திரியில் உளறியதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. உனக்கு அப்போது இருபத்தி நாலு வயது. அந்தத் தண்ணீரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீ செய்ததை எல்லாம் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என் தம்பி மாதிரி உண்டா என்று.

இனிப் பாப்பா விஷயம். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். மறைக்க எனக்கு உன்னைப் போல சாமர்த்தியம் கிடையாது. அவள் ஆந்தையிடம் கேட்டாள், இப்படி ஒரு கடிதம் இருக்கிறது, ஆதாரமாக ஏற்பீர்களா என்று. தனிக் கடிதம் ஆதாரமாகாதாம். யாரும் யார் பெயரிலும் எழுதலாம். வேறு ஒருவர் விசாரித்து, அச்சில் வந்தால்தான் எடுப்பார்களாம். உனக்கு இந்த விதி எல்லாம் அத்துப்படி. நான் சொல்ல வேண்டியதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 21

அக்கா,

இத்துடன் பேப்பரை வைத்திருக்கிறேன். நாலாம் பக்கம், அடியில்.

இரண்டு பத்திரிகைகள் வேண்டாம் என்றுவிட்டன, எங்கள் விளம்பரம் அவர்களுக்கு வருகிறது. மூன்றாவது ஒரு சின்னப் பத்திரிகை. அந்த நிருபர் பெண் என்னை நம்பவில்லை. நெட்டையனைத் தேடிப் பிடித்தாள். அவன் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். டோக்கன் விஷயம் உண்மைதான் என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் அழுதானாம். நான் கொடுத்த பழைய பதிவேட்டு நகலில் கையெழுத்தை ஒத்துப் பார்த்தாள். பிறகுதான் எழுதினாள். என் பெயரைப் போடச் சொன்னதும் நான்தான்.

அது வந்த அன்று காலை பத்து மணிக்கு இஸ்திரி கூப்பிட்டார். கத்தவில்லை. "இருபத்தோரு வருஷம் சோறு போட்ட இடம்யா" என்றார். ஆமாம் சார், அதற்குத்தான் போட்டீர்கள் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. மேசையில் இருந்ததை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். செக்யூரிட்டி கேட் வரை கூடவே வந்தான். கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பதினெட்டாவது பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது அக்கா. அத்தனை வருஷம் அந்த வழியாகத்தான் போய் வந்தேன், அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தம்பி

மே 6

பேப்பர் கிடைத்தது.

ஆந்தை பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டது. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து மறுத்துப் பார்த்தார்கள். நேற்று முடிவாகிவிட்டது. இப்போது இருப்பது இதுதான்:

"தின்னர் கிடங்கில் ஏற்பட்ட தீ விபத்தில் பத்தொன்பது தொழிலாளர்கள் இறந்தனர். அரசு விசாரணை அறிக்கை இந்த எண்ணிக்கையைப் பதினெட்டு எனக் குறிப்பிட்டது. பத்தொன்பதாவது தொழிலாளி வீட்டில் காயமடைந்ததாக, நிறுவனத்தின் டைம் ஆபீசில் பணியாற்றிய உறவினர் ஒருவர் மருத்துவமனையில் தவறான தகவல் அளித்திருந்தார்."

கீழே மூன்று அடிக்குறிப்பு. ஒன்று அவருடைய தாள், ஒன்று அந்த அறிக்கை, ஒன்று உன்னுடையது.

உன் பெயரையும் போடலாமா என்று ஆந்தை கேட்டது, பேப்பரிலேயே வந்துவிட்டதே என்று. பாப்பா போடத்தான் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். உனக்காக இல்லை. அவர் இருக்கிற பத்தியில் உன் பெயர் இருக்க வேண்டாம் என்றுதான்.

உன் பேப்பரைக் கடையில் நானே லாமினேட் பண்ணினேன். பீரோவில் அவர் சட்டைக்கு அடியில் வைக்கவில்லை. கீழ்த்தட்டில் தனியாக இருக்கிறது.

இனிமேல் எழுத வேண்டாம். எழுத வேண்டியதை எழுதிவிட்டாய்.

பாப்பாவின் அம்மா